இலை எப்படி உலர்ந்தது என்று துரை கேட்டால்

சௌமிய வருஷம், தை 5, திங்கள்

காலையில் கடும் பனி. எட்டு மணி வரை ஆற்றங்கரைச் சாலை கண்ணுக்குத் தெரியவில்லை. பனி நிலாவிரை இலைக்கு ஆகாது. கொட்டகைகளின் மேல்புறத் தட்டிகளை இறக்கி வைக்கச் சொன்னேன். மூன்று கொட்டகையில் இலை நாலு நாள் பழசு, பச்சையிலிருந்து மஞ்சளுக்குச் சாய ஆரம்பித்திருக்கிறது. நாலாவதற்கு ஆழ்வார்திருநகரிப் பக்கத்து இலை இன்று வந்து இறங்கியது. பதினோரு வண்டி. நல்ல சரக்கு.

தூத்துக்குடிக் கம்பெனி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். 16-ந் தேதி வெள்ளிக்கிழமை துரை வருகிறார். புதுத் துரை. களம் களமாகப் போய் யார் இலை முதல் தரம், யார் இலை இரண்டாம் தரம் என்று தீர்ப்பார். முதல் தரம் என்றால் மூட்டையின்மேல் நம் பெயரோடு லண்டனுக்குக் கப்பல் ஏறும். இரண்டாம் தரம் ஊரார் இலையோடு கலந்து பெயரில்லாமல் போகும். அங்கே துரைமார் வயிறு இளகுவது நம் இலையால்தான். யார் இலையால் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

போன வருஷம் எனக்கு இரண்டாம் தரம். இருபது வருஷத்தில் இலை அவ்வளவு நன்றாக வந்ததில்லை. பழைய துரை ஒரு கேள்வி கேட்டார். கம்பெனித் துபாஷ் சபாபதி அதைத் தமிழில் சொன்னார். நான் பதில் சொன்னேன். சபாபதி அதை இங்கிலீஷில் நாலே சொல்லில் முடித்தார். முதல் சொல் 'சம்ஹவ்' என்பது போல் ஒன்று. துரை சிரித்தார், குறித்துக்கொண்டார், நடந்துவிட்டார். அந்த ஆள் என்னத்தைச் சொல்லிக் கெடுத்தாரோ! அன்று முதல் என் களத்தில் அவருக்கு வெற்றிலை கிடையாது.

அதற்காகத்தான் தீபாவளி கழிந்த மறுநாள் தொடங்கி இங்கிலீஷ். எனக்கு வயது 44. வாத்தியார் ஞானமுத்துவுக்கு 23. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் களத்துக்கே வருகிறார். பெயர்ச்சொல் முடிந்தது. வினைச்சொல் பாதி. துரை வரும் தேதியைச் சொன்னதும் புத்தகத்தை மூடிவிட்டார்.

“இன்னும் பதினோரு நாள்தான அண்ணாச்சி? மத்ததெல்லாம் நிக்கட்டும். அட்வெர்புக்குப் போயிருவோம். துரைமாரு ‘என்ன’ன்னு கேக்க மாட்டாவ. ‘எப்படி’ன்னுதான் கேப்பாவ.”

விவரமான ஆள்.

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

தை 6, செவ்வாய்

பனி குறைவு. 1, 2, 3 கொட்டகை புரட்டியாயிற்று.

அட்வெர்ப். வினைக்கு அடை என்று வாத்தியார் இலக்கணப்படி சொன்னார். மண்டையில் ஏறவில்லை. “நிறுத்தும். என் சரக்கை வச்சு நான் சொல்லுதேன், சரியான்னு பாரும்” என்றேன். இலை, அது பொருள். பச்சை, அது பொருளின் குணம். உலர்த்துவது, அது வேலை. அந்த வேலையை எப்படிச் செய்தாய், எங்கே, எப்போது, எத்தனை தரம்? அதெல்லாம் அட்வெர்ப்.

வாத்தியார் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டார். “இத நாளைக்கு வகுப்புல இப்படியே சொல்லப் போறேன் அண்ணாச்சி” என்றார்.

சொல்லட்டும். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன் சொன்னது என்றும் சேர்த்துச் சொல்லட்டும்.

யோசித்துப் பார்த்தால் என் பிழைப்பே அதுதான். எல்லார் வயலிலும் விளைவது ஒரே இலை. நான் வேறாக விற்பது அது உலர்ந்த விதத்தை. ஆகவே நான் அட்வெர்ப் வியாபாரி. எழுதி வைத்த பட்டியல்:

பறிப்பது: கேர்ஃபுல்லி. கவனமாக, காம்பு ஒடியாமல்.
பரப்புவது: தின்லி. ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல்.
புரட்டுவது: ஜென்ட்லி.
எத்தனை தரம்: ட்வைஸ்.
எங்கே: இன்டோர்ஸ். கூரைக்குள்.
மூட்டை கட்டுவது: டைட்லி.

பாதிக்கு மேல் வாலில் ‘லி’. லி இல்லாத அட்வெர்பும் உண்டு, லி இருந்தும் அட்வெர்ப் ஆகாததும் உண்டு என்று எச்சரிக்கை. தலைப்பாகை கட்டியவனெல்லாம் வியாபாரி என்று நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன், புரிகிறது.

‘ஸ்லோலி ஸ்லோலி’ என்று சொன்னேன். ஒன்று போதும் என்றார். நாம் மெல்ல மெல்ல, பைய பைய என்று இரண்டு போடுகிறோம். அவர்கள் ஒன்றிலேயே நம்பிவிடுகிறார்கள்.

மாடத்தி எட்டிப் பார்த்தாள். களத்தில் முப்பது பெண்களுக்கும் அவள்தான் தலைவி. நான் ஒற்றைக் கொட்டகை போட்ட நாள்முதல் இருப்பவள். “அண்ணாச்சி வாய்க்குள்ள என்னத்தளா மெல்லுதாவ?” என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்கிறாள், எனக்குக் கேட்கும்படியாக.

தை 8, வியாழன்

வெயில். 1-ம் கொட்டகை இலையை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். மணம் வந்துவிட்டது. இன்னும் நாலைந்து நாள்.

இன்று பாடம், அட்வெர்ப் எங்கே உட்கார வேண்டும் என்பது. தமிழில் வேலைக்கு முன்னால் போகும்: கவனமாகப் பரப்பு. சாமி புறப்பாட்டில் கட்டியக்காரன் போவதுபோல. இங்கிலீஷில் பெரும்பாலும் எல்லாம் போன பிறகு பின்னால் வரும். குடைபிடிக்கிறவன் மாதிரி. ‘பரப்பு இலையைக் கவனமாக.’ ஆனால் வேலைக்கும் பொருளுக்கும் நடுவில் மட்டும் நுழையக் கூடாதாம். சில அட்வெர்ப் முன்னாலும் போகலாமாம். ‘எப்போதும்’, ‘வழக்கமாக’ என்பவை அப்படி. பெரிய இடத்துப் பிள்ளைகள் போலிருக்கிறது.

வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினேன். பிரமு தண்ணீர்ச் செம்போடு வந்தவள் நின்றுவிட்டாள்.

“யாரு கூடப் பேசுதிய?”

“துரை கூட.”

“துரைக்கு மீசைல நரை இருக்கே” என்றாள். போய்விட்டாள். கல்யாணம் ஆகி இருபத்துநாலு வருஷமாக இதே வாய்.

எண்ணெய் முறுக்கு நன்றாக இருந்தது.

தை 10, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

களத்தில் தினமும் நான் வாயால் சொல்லும் பத்து வாக்கியங்களை எழுதி வரச் சொல்லியிருந்தார் வாத்தியார். எழுதினேன். மூன்றாவது: ‘இலை ஏதோ காய்ந்திருக்கிறது.’ ஏழாவது: ‘வியாபாரம் எப்படியோ ஓடுகிறது.’ வாத்தியார் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் போட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவதில் ‘சம்ஹவ்’ என்று வாசித்தார். ஏழாவதிலும் அதுவே.

எனக்கு முதுகு நிமிர்ந்தது. போன வருஷம் துபாஷ் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

“வாத்தியாரே, இது வெள்ளக்காரன் காதுல எப்படி விழும்?”

தயங்கினார். “நீங்க அக்கறையில்லாம போட்டு வச்சிய, தப்பித் தவறிக் காஞ்சிருக்கு, அப்படி விழும் அண்ணாச்சி.”

துரை போன வருஷம் கேட்டது, இலை எப்படி உலர்ந்திருக்கிறது என்று. நான் கைகட்டி நின்று சொன்னது, ‘ஏதோ காஞ்சிருக்கு துரை.’ வேறு எப்படிச் சொல்வேன்? தரையில் கிடக்கும் சரக்கை நன்றாயிருக்கிறது என்று எவன் வாய்விட்டுச் சொல்வான்? கண் பட்டுவிடும். கொழுகொழுவென்று பிள்ளை இருந்தால் ‘ஏதோ இருக்கான்’. நூறு கோட்டை நெல் அறுத்தவனைக் கேட்டாலும் ‘ஏதோ கிடைச்சிது’. திருநெல்வேலிச் சீமை முழுக்க அப்படித்தான். வாத்தியாரிடம் அவர் அம்மா சுகம் கேட்டால் ‘ஏதோ கர்த்தர் கிருபையில’ என்கிறார். கேட்டேன், ஆம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக, இரண்டாம் தரத்தை வாங்கியது என் வாய். சபாபதி சொன்னது நான் சொன்னதைத்தான்.

ஒரு வருஷம் முழுக்க அந்த மனுஷனைத் திட்டியிருக்கிறேன். சந்தையில், பத்துப் பேர் நடுவில்.

சாப்பாடு செல்லவில்லை.

தை 11, ஞாயிறு

வாத்தியார் கோயிலுக்குப் போகும் நாள், பாடம் இல்லை. காலையிலேயே பாளையங்கோட்டையில் சபாபதி வீட்டுக்குப் போனேன். வெற்றிலை ஒரு கவுளி, பழம் ஒரு சீப்பு. அவர் வாசலில் நின்று என்னையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னவே, கையில பழம்? எனக்குக் காரியம் முடிஞ்சுபோச்சுன்னு எவனும் சொன்னானா?”

விஷயத்தைச் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன்.

“அண்ணாச்சி, நீரு சொன்னத நான் சொன்னேன். கூட்டிச் சொன்னா புளுகுனேம்பீரு. குறைச்சா மோசம் பண்ணிட்டேம்பீரு. அந்த வடக்குக் களத்துக்காரன் இருக்கானே, அவன் நெஞ்ச நிமித்திக்கிட்டு ‘இப்படி எலைய லண்டன் ராசாவே பாத்திருக்க மாட்டாரு’ன்னான். அதையும் ஒரு எழுத்து விடாமத்தான் சொன்னேன்.”

“அவனுக்கு முதல் தரம்.”

“பின்ன?”

“அவன் எலையில பாதி தூசி.”

“தூசிய அவன் சொல்லலியே வே.”

இருவரும் சிரித்துவிட்டோம். வெற்றிலையைப் பிரித்து எனக்கும் மடித்துக் கொடுத்தார். இந்தத் தடவை பேச்சு என்னுடையது, அவர் பக்கத்தில் நின்றால் போதும் என்றேன். “நில்லுதேன். நீரு தடுக்கி விழுந்தா மட்டும் தூக்குதேன்” என்றார்.

நேர்மையான மனிதர். இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தை 13, செவ்வாய்

தையில் மழை! விடியற்காலம் காற்றோடு ஒரு மணி நேரம் சாய்ந்து அடித்தது. 1, 2, 3 தப்பின. நாலாம் கொட்டகையின் கிழக்குக் கூரை பழைய ஓலை. மாற்ற வேண்டும் என்று மாடத்தி கார்த்திகையிலிருந்தே சொன்னாள். நான்தான் அடுத்த போகத்துக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். மூன்றில் ஒரு பங்கு இலை நனைந்துவிட்டது.

இன்னும் மூன்று நாளில் துரை.

தை 14, புதன்

நல்ல வெயில். நனைந்த இலையை முற்றத்தில் வெயிலில் போடச் சொன்னேன். மாடத்தி மறித்தாள்.

“வெயிலு ஆகாது அண்ணாச்சி. நெறம் போயிரும். உள்ளுக்குள்ளயே மெலிசாப் பரத்திருவோம், பைய காயட்டும்.”

“பைய காய எங்களா நேரம்? வெள்ளிக்கிழம துரை வாராரு. போடு.”

போட்டாள். சாயங்காலம் பார்த்தால் இலை பழுப்பு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வாத்தியாரிடம் ஹேஸ்டிலி என்ற சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவசர அவசரமாக.

மற்ற மூன்று கொட்டகை இலையும் கண்ணுக்குக் குளிர்ச்சி. தொட்டால் சலசல. துரையிடம் அதை நன்றாக உலர்ந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லப்போகிறேன் என்றேன். பெண்கள் எல்லோரும் கையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். தரையில் கிடக்கும்போதா என்று ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள். மாடத்திதான் தீர்ப்புச் சொன்னாள்: “சொல்லட்டும்ளா. இங்கிலீசுலதான சொல்லப் போறாவ? கண்ணேறுக்கு இங்கிலீசு எங்க தெரியப்போவுது?”

செருப்பு தைத்து வந்தது. வார் ஒரு பக்கம் நீளம்.

தை 15, வியாழன்

பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். பிரமுவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. சோறு போடும்போது “வெரி வெல், சார்” என்கிறாள்.

4-ம் கொ. இலையை என்ன செய்வது? சபாபதி வழியாக யோசனை ஒன்று வந்தது: நல்ல இலையை மேலே இரண்டு விரல் கனத்துக்குத் தூவிவிட்டால் தெரியாது. அவருடைய யோசனை இல்லை, வடக்குக் களத்துக்காரன் வருஷா வருஷம் செய்வதாம். முடியும். ஒரு மணி நேர வேலை.

நாளைக்கு நல்ல இலையை நல்லது என்று வாய்விட்டுச் சொல்லப் போகிறேன். அதே வாயால் இதையும் சொல்லத்தான் வேண்டும். தூவ வேண்டாம் என்று முடிவு. முதல் தரம் மொத்தமாகப் போனாலும் போகட்டும். பயம் இருக்கிறது, இல்லை என்று எழுதமாட்டேன்.

தை 16, வெள்ளி

முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

துரை பத்து மணிக்கு வந்தார். இளவயது, சிவந்த முகம், வெயிலுக்குக் குடை. சபாபதி வழக்கம்போல் முன்னால் வந்தார், பிறகு ஞாபகம் வந்து ஓர் எட்டு பின்வாங்கினார். நான் “குட் மார்னிங், சார். ஐ வில் ஸ்பீக்” என்றேன். துரை குடையை மடக்கினார்.

ஒரு பிடி இலையை எடுத்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேட்டார். அதே கேள்வி. எப்படி உலர்ந்திருக்கிறது?

பழைய சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“வெரி வெல், சார்” என்றேன்.

கூரை இடிந்து விழவில்லை.

அதன்பின் வாய் தானாக ஓடியது. எப்படிப் பறிக்கிறோம், எங்கே பரப்புகிறோம், எத்தனை தரம் புரட்டுகிறோம். ‘வி டெய்லி ட்வைஸ் ஜென்ட்லி டர்ன்’ என்றேனாம். கட்டியக்காரர்கள் மூன்று பேரும் முன்னாலேயே போய்விட்டார்கள். துரைக்குப் புரிந்தது, அது போதும். புரட்டுவது யார் என்று கேட்டார். மாடத்தியைக் கைகாட்டி, அவள் மிக நன்றாகச் செய்கிறாள் என்றேன். துரை அவள் பக்கம் திரும்பி மரியாதைக்குத் தொப்பியைத் தொட்டார். அவள் விறைத்து நின்றாள்.

பிறகு நாலாம் கொட்டகை. அவர் குனியும் முன்னே சொன்னேன்: இதை ஹேஸ்டிலி உலர்த்தினோம், வெயிலில், தப்பு என்னுடையது. பின்னால் சபாபதி இருமினார். துரை நிமிர்ந்து பார்த்தார். இதை ஏன் நீயே சொல்கிறாய் என்று கேட்டார்.

“எனிவே யூ வில் ஸீ, சார்.”

எப்படியும் நீர் பார்க்கத்தானே போகிறீர் என்று அர்த்தம். துரை சிரித்தார். இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

1, 2, 3 முதல் தரம். 4 இரண்டாம் தரம். மற்ற களங்களில் கம்பை விட்டு இலையை அடிவரை கிளறிப் பார்த்தாராம். என் களத்தில் கிளறவில்லை.

சபாபதிக்கு வெற்றிலை, மோர், இரண்டு வாழைப்பழம். “எனக்கு இன்னைக்கு சும்மா சம்பளம் வே” என்றார். “தடுக்கி விழுவீரு, தூக்கலாம்னு நின்னேன். விழ மாட்டேன்னுட்டீரு.”

வாத்தியார் பள்ளி விட்டு ஓடியே வந்தார். விவரம் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் கொஞ்சம் மார்பை நிமிர்த்தித்தான் நடந்தேன் இன்று. பதினாலு வயதில் இதே இலையைத் தலைச்சுமையாகத் தூக்கித் திரிந்தவன் லண்டன் கம்பெனித் துரையோடு அவர் பாஷையில் பேசி ஜெயித்திருக்கிறேன். இந்த நோட்டில் அதை எழுத எனக்கு யார் தடை?

தை 17, சனி

மூட்டை கட்டு. காலை முதல் களம் முழுக்க இலைத்தூசி, தும்மல். மூட்டைகளில் என் பெயரைக் கறுப்பு மையால் எழுதப் பாளையங்கோட்டையிலிருந்து ஆள் வந்திருக்கிறான். இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் கூட நின்று பார்த்தேன்.

மாடத்தி நேற்று மத்தியானத்திலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வேலை நடக்கிறது. கேட்டதற்குச் சுவரைப் பார்த்துப் பதில். பத்து மணிக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

“என்னளா உனக்கு?”

கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டாள். “நேத்து என்னக் கைகாட்டித் துரைகிட்ட என்ன சொன்னிய? நாலாங் கொட்டகய என் தலையில கட்டிட்டியளா? வெயில்ல போடாதியன்னு சொன்னவ நான். அந்தாளு வேற தொப்பியத் தொட்டுக்கிட்டு மொறைக்காரு.”

எல்லாப் பெண்களும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தும்மல்கூட நின்றுவிட்டது.

அது என் தப்பு என்றுதான் துரையிடம் சொன்னேன் என்றேன். நம்பவில்லை.

“அப்ப என்னக் காட்டிச் சொன்னது என்ன?”

இங்கிலீஷில் ஒரு மூச்சில் சொன்னது தமிழில் வரவில்லை. இருபது வருஷம். ஒற்றைக் கொட்டகையிலிருந்து நாலு கொட்டகை. ஒரு நாள்கூட இதை நான் அவளிடம் சொன்னதில்லை. குறை கண்டால் கத்துவேன், குறை இல்லாவிட்டால் பேசாமல் போவேன், அதிலேயே புரிந்துகொள்வார்கள் என்று இருந்துவிட்டேன்.

“நீ ரொம்ப நல்லா ஒலத்துதேன்னு சொன்னேன். உன்ன மாதிரி வேல செய்ய இந்தச் சீமைல ஆளு கிடையாது. அதான்.”

மாடத்தி முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்தாள், கொஞ்சம் அதிக நேரம் துடைத்தாள். அப்புறம் கொட்டகையின் கோடிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஏழெட்டுப் பெண்கள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அங்கன இருக்கிறவளுவளுக்குக் கேக்கல அண்ணாச்சி. இன்னொரு தரம் சொல்லுங்க.”

சொன்னேன். சத்தமாக.